மேலூர்த் தம்பிக்கு: வார்டில் சங்க ரெப்பாக நிற்கலாமா?

தம்பி, இங்கிலாந்தில், லீட்ஸ் ஆஸ்பத்திரியில் நர்சாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது, வார்டில் எல்லோரும் உங்களைச் சங்க ரெப்பாக, அதாவது தொழிற்சங்கப் பிரதிநிதியாக, நிற்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மேலூரில் அப்பாவோ "போன இடத்தில் வேலையை மட்டும் பார், சங்கம் கிங்கம் வேண்டாம்" என்கிறார். விசாவுக்கு ஆபத்து வருமா என்று கேட்கிறீர்கள்.

வராது. சங்கத்தில் சேர்வதோ ரெப் ஆவதோ விசா நிபந்தனையை மீறுவது ஆகாது. அதற்காக உங்களை வேலையை விட்டு நீக்கினால், அந்த நாட்டின் 1992 தொழிற்சங்கச் சட்டப்படி அது நியாயமற்ற பணிநீக்கம்.

அப்பாவின் பயம் எனக்குப் புரிகிறது. சித்திரைத் திருவிழாவுக்கு வந்தவள், சிம்மக்கல்லில் அம்மா வீட்டிலிருந்துதான் இதை எழுதுகிறேன். தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் சங்கப் பலகை, பக்கத்திலேயே கட்சிக்கொடி. சங்கம் என்றால் நம் ஊரில் கொடிதான் முதலில் கண்ணில் படும். 1918-ல் சென்னையில் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியபோதும், முன்னால் நின்ற பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் மில் தொழிலாளிகள் அல்ல, வெளியிலிருந்து வந்த தலைவர்கள். இங்கிலாந்தில் வார்டு ரெப் என்பவர் உங்களோடு அதே நைட் டூட்டி பார்க்கிறவர். கூட வேலை செய்கிறவர்களே தேர்ந்தெடுப்பார்கள். தனிச் சம்பளம் கிடையாது.

அந்த ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் இங்கிலாந்துக்குப் போன இரண்டாவது வருடம், மருந்து சார்ட்டில் ஒரு கையெழுத்து விடுபட்டதற்காக விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தனியாகப் போனேன். பெரியவர்கள் கோபமாகக் கேட்டால் நாம் என்ன சொல்லுவோம்? "தப்புத்தான் மேடம், மன்னிச்சிருங்க." மரியாதைக்காகச் சொன்னேன். அவர்கள் அதை ஒப்புதல் வாக்குமூலமாக எழுதிக்கொண்டார்கள். அன்றைக்கு வார்டில் இருக்கவேண்டிய ஆளில் பாதிதான் இருந்தது என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடைசி எச்சரிக்கைக் கடிதத்தோடு வெளியே வந்தேன். கூட ஒருவரை அழைத்துப்போகும் உரிமை அந்த நாட்டின் 1999 வேலை உறவுச் சட்டத்திலேயே இருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

அதற்கப்புறம்தான் ரெப் ஆனேன். அங்கே தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான டி.யு.சி.யின் அடிப்படைப் பயிற்சிக்கு வாரம் ஒரு நாளாகப் பத்து நாள் போனேன். ஒருவர் மேனேஜர், ஒருவர் தொழிலாளி, ஒருவர் ரெப் என்று உட்காரவைத்து விசாரணையை நடத்திப் பார்ப்போம். எதிர்த்தரப்பு ஆதாரங்களை முன்கூட்டியே எழுத்தில் கேட்பது, விசாரணை நடுவே ஐந்து நிமிடம் இடைவேளை கேட்டு ஆளை வெளியே அழைத்துவந்து பேசுவது, ஜெயித்துத் தருகிறேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காமல் இருப்பது எல்லாம் அங்கே கற்றதுதான். ரெப் விசாரணையில் வாதத்தை எடுத்து வைக்கலாம், கடைசியில் தொகுத்துச் சொல்லலாம். ஆனால் தொழிலாளியிடம் கேட்ட கேள்விக்கு அவருக்குப் பதிலாக இவர் பதில் சொல்ல முடியாது. அதனால் உள்ளே போவதற்கு முந்தின நாள் அவரோடு உட்கார்ந்து பேசுவதுதான் பாதி வேலை. நான் அன்று அழுதுகொண்டே உள்ளே போனதை நினைத்துக்கொண்டுதான் இன்றும் ஒவ்வொருவரோடும் உட்காருகிறேன்.

விசாரணை அறை ஒத்துவராது என்றால் பாதுகாப்பு ரெப்பாகவும் நிற்கலாம். 1977 விதிகளின்படி மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேலையிடத்தைச் சுற்றிப் பார்த்துக் குறை எழுதும் உரிமை அவர்களுக்கு உண்டு. சக ஊழியர்களின் படிப்புக்கு உதவும் கற்றல் ரெப்பும் இருக்கிறார்.

சரி, நில்லுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் பயிற்சி முடியும்வரை யாருடைய விசாரணைக்கும் தனியாகப் போகாதீர்கள். பழைய ரெப்போடு போய் நோட்ஸ் மட்டும் எடுங்கள். நிர்வாகம் அங்கீகரித்த சங்கம் என்றால் பயிற்சி நாளுக்குச் சம்பளம் உண்டு. லீவு போட்டுப் போகாதீர்கள். ரோஸ்டர் போடும் முன்பே தேதியைக் கொடுத்து, சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். அப்பாவின் நம்பரை அனுப்புங்கள், திருவிழா முடிந்ததும் மேலூர் போய் நானே பேசிவிட்டு வருகிறேன்.