கச்சான் காலத்து லிப்ஸ்டிக்

கேள்வி: நான் களுவாஞ்சிக்குடியிலிருந்து மட்டக்களப்பு நகரிலுள்ள அலுவலகம் ஒன்றுக்குத் தினமும் ஸ்கூட்டியில் போய் வருகிறேன். வயது 34. கீழுதடு சற்றுக் கருமையானது. கடையில் புறங்கையில் பூசிப் பார்க்கும்போது அழகாகத் தெரியும் இளஞ்சிவப்பு, வீட்டுக்கு வந்து உதட்டில் பூசினால் சாம்பல் பூத்தது போல ஆகிவிடுகிறது. 'அழியாது' என்று சொல்லித் தந்த பளபளப்பில்லாத திரவ மேட் லிப்ஸ்டிக்கோ பதினொரு மணிக்கெல்லாம் வெடித்து, செதில் செதிலாக உரிகிறது. எனக்கு எந்த நிறம் பொருந்தும்?

பதில்: சகோதரி, நீங்கள் நிறத்தை மட்டுமே கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு சிக்கல்களில் ஒன்றுதான் நிறத்தால் வந்தது. மற்றது லிப்ஸ்டிக்கின் வகையால் வந்தது. அதையே முதலில் தீர்க்க வேண்டும், ஏனெனில் வெடித்த உதட்டில் எந்த நிறமும் எடுபடாது.

உதட்டின் தோல் முகத்தின் மற்றப் பகுதிகளின் தோலைவிட மிக மெல்லியது. அங்கே வியர்வைச் சுரப்பிகள் இல்லை. எண்ணெய்ச் சுரப்பிகளும் அநேகமாக இல்லை. ஆகவே தன் ஈரத்தைத் தானே காத்துக்கொள்ளும் வசதி உதட்டுக்குக் குறைவு. இதனுடன் நமது கச்சானையும் சேர்த்துப் பாருங்கள். (வறுத்துத் தின்னும் நிலக்கடலைக் கச்சானைச் சொல்லவில்லை, காற்றைச் சொல்கிறேன்.) மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று, மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு நம் கிழக்குப் பக்கம் இறங்கும்போது, இறங்க இறங்கச் சூடேறி, ஈரமற்ற காற்றாகவே மட்டக்களப்பையும் அம்பாறையையும் வந்தடைகிறது. அந்தக் காற்றில், தலைக்கவசத்தின் முகக் கண்ணாடியை உயர்த்திவிட்டுக் கல்லடிப் பாலத்தைக் கடந்தாலே போதும், அலுவலகம் சேரும்போது உதடு காய்ந்திருக்கும்.

திரவ மேட் லிப்ஸ்டிக் வேலை செய்யும் விதமே உலர்வதில்தான் இருக்கிறது. அதிலுள்ள ஐசோடோடெக்கேன் போன்ற எளிதில் ஆவியாகும் எண்ணெய் ஓரிரு நிமிடங்களில் பறந்துவிட, நிறத்தைப் பிடித்துக்கொண்ட ஒரு மெல்லிய பிசின் படலம் உதட்டில் எஞ்சுகிறது. பேசும்போதும் சிரிக்கும்போதும் உதடு விரிந்து சுருங்குகிறது. படலம் அந்த அளவுக்கு நெகிழ்ந்து கொடுக்காது, உதட்டின் உட்பக்கத்திலிருந்து கீறல் விடத் தொடங்கும். இறுக்கம் தாங்காமல் நாம் உதட்டை நாவால் நனைக்கிறோம். எச்சில் ஆவியாகும்போது இருந்த ஈரத்தையும் கொண்டுபோகிறது. உங்கள் பதினொரு மணிக் கதை இதுதான்.

எனவே கச்சான் காலத்தில் குச்சி வடிவிலுள்ள கிரீம் அல்லது இலேசாக மினுங்கும் சட்டின் வகையை வாங்குங்கள். ஆமணக்கெண்ணெய், தேன்மெழுகு, கார்னோபா மெழுகு முதலியவை இவ்வகையின் வழக்கமான உடல். இது நாள் முழுவதும் நிற்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: எண்ணெயும் மெழுகும் எண்ணெயில் கரைபவை, ஆகவே பொரித்த மீனும் தேங்காய்ப்பால் சொதியும் உள்ள மதியச் சாப்பாட்டோடு பாதி போய்விடும். அது குறையென்று நான் நினைப்பதில்லை. அரை நிமிடத்தில் மீண்டும் பூசக்கூடிய லிப்ஸ்டிக், உரித்தெடுக்க வேண்டிய லிப்ஸ்டிக்கைவிட மேலானது. வீட்டைவிட்டுப் புறப்படப் பத்து நிமிடத்துக்கு முன் வெயிலிலிருந்து காக்கும் எஸ்.பி.எஃப். 30 உள்ள உதட்டுத் தைலத்தைப் பூசி, மிகையானதை ஒற்றியெடுத்து, ஒரு பூச்சு இட்டு, டிஷ்யூவை உதடுகளுக்கிடையே வைத்து அழுத்தி, இரண்டாவது பூச்சு இடுங்கள். சாப்பாட்டு நேரம் வரை தாங்கும். உங்களிடமுள்ள திரவ மேட்டை எறிய வேண்டாம். காற்றில் ஈரம் நிறைந்த மாரி காலத்தில் அதுவே நன்றாக நடந்துகொள்ளும்.

இனி நிறம். வெளிர் இளஞ்சிவப்பு நிறங்களில் டைட்டேனியம் டையொக்சைட் என்னும் வெள்ளைத் தூள் அதிகம் சேர்ந்திருக்கும். கபில நிறமோ ஊதாச் சாயலோ உள்ள உதட்டில் அது படியும்போது, அழித்த கரும்பலகையில் வெண்கட்டித் தூள் எஞ்சியது போன்ற தோற்றம் வருகிறது. உதட்டின் சொந்த நிறத்தை மூட முயலாமல், அதையும் கலவையில் ஒரு நிறமாக எண்ணித் தெரிவு செய்வதே வழி. செங்கல் சிவப்பு, மாதுளை, கபிலம் கலந்த ரோஜா, நாவற்பழ ஊதா ஆகியவை கருமையான உதட்டில் துலங்குபவை. அலுவலகத்துக்குக் கபில ரோஜாவும், கலியாண வீட்டுக்கு மாதுளையும் என்பது என் தனிப்பட்ட விருப்பம். மேலுதடும் கீழுதடும் இரு நிறமாக இருப்பதால், லிப்ஸ்டிக்கின் நிறத்தையொத்த லிப் லைனர் பென்சிலை முதலில் மேலுதட்டில் முழுவதும் மெல்லிதாகத் தேய்த்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று நெருங்கிவரும். சிலர் கன்சீலர் என்னும் தோல்நிறப் பூச்சால் உதட்டை வெளுப்பாக்கிவிட்டு மேலே பூசுகிறார்கள். மணப்பெண்ணின் புகைப்படத்துக்கு அது சரி, எட்டு மணிநேர வேலைக்குச் சரிவராது.

கடையில் புறங்கையில் பூசிப் பார்த்ததுதான் உங்களை ஏமாற்றியது. விரல் நுனியின் உட்பக்கம் புறங்கையைவிட உதட்டின் நிறத்துக்குக் கிட்டியது. அங்கே தடவி, கடையின் மின்குமிழ் வெளிச்சத்திலிருந்து வாசலுக்கு வந்து, பகல் வெளிச்சத்தில் விரலை உதட்டருகே பிடித்துக் கண்ணாடி பாருங்கள். எல்லோரும் தொட்ட மாதிரிக் குச்சியை நேரே உதட்டில் வைக்காதீர்கள், உதட்டுக் கொப்புளத்தை உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் அவ்வழியாகவும் தொற்றக்கூடும்.

விலங்குப் பொருளைத் தவிர்ப்பவர்கள் 'கார்மைன்' அல்லது 'சீ.ஐ. 75470' என்ற குறியைப் பெட்டியில் தேடுங்கள். அது கொச்சினீல் பூச்சியை உலர்த்திப் பெறும் சிவப்பு. இறக்குமதியாளரின் பெயரோ, காலாவதித் திகதியோ, அதிகபட்ச சில்லறை விலையோ இல்லாத பெட்டியை எவ்வளவு மலிவானாலும் திருப்பிக் கொடுங்கள். முறையிட வேண்டுமானால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977.

வாங்கியதை ஸ்கூட்டியின் இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டியில் வைக்க வேண்டாம். வெயிலில் நிறுத்திய வண்டியின் அந்தப் பெட்டியிலிருந்து எடுத்த என் குச்சி ஒன்றின் மேல், கடுகளவு எண்ணெய்த் துளிகள் வரிசையாக அரும்பியிருந்ததைக் கண்டிருக்கிறேன். துளிகள் மட்டுமென்றால் ஒற்றியெடுத்துப் பயன்படுத்தலாம். காறல் நாற்றம் வந்துவிட்டால் எறிந்துவிட வேண்டியதுதான்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன்: கீழுதட்டின் கருமை பிறவியிலேயே உள்ளதா, அல்லது அண்மைக் காலத்தில் கூடியதா? லிப்ஸ்டிக்கிலுள்ள வாசனைப் பொருளோ, சாயமோ, சிலருக்கு ஆமணக்கெண்ணெயோகூட ஒவ்வாமையை உண்டாக்கும். அந்த ஒவ்வாமை சில வேளை கருமையாகவும் வெளிப்படும். அரிப்போ எரிவோ இருந்தால் இரண்டு வாரங்களுக்கு எல்லாவற்றையும் நிறுத்தி, வாசனையற்ற வெள்ளை வாசலின் மட்டும் பூசுங்கள். அதன் பின்னும் உரிதல் தொடர்ந்தால், பயன்படுத்திய லிப்ஸ்டிக்குகளைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு தோல் வைத்தியரிடம் போங்கள். எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் தேடத் தொடங்குவது அந்தப் பெட்டியிலுள்ள பட்டியலிலிருந்துதான்.