கல்லூரி விளையாட்டு: பணம் யாருடையது? வாசகர் கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரிகள் 2025 ஜூலை 1 முதல் தங்கள் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். இது சரியா, யாருக்கு எவ்வளவு என்று வாசகர்கள் கேட்டவற்றில் ஐந்து கேள்விகளுக்கு இங்கே பதில்.

படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாமே இலவசம். அதற்கு மேலும் பணம் கேட்பது பேராசை இல்லையா?
*வாசகர், மதுரை*

எல்லாமே இலவசம் என்பது ஒரு சிலருக்குத்தான். பழைய விதிப்படி ஒரு பேஸ்பால் அணிக்கு மொத்தமே 11.7 முழு உதவித்தொகைகளுக்கு ஈடான பணம். அதைத்தான் இரண்டு டஜன் பேருக்கு மேல் பிரித்துக் கொடுத்தார்கள். பலருக்குக் கட்டணத்தில் கால் பங்குதான் கழிந்தது. மீதியைப் பெற்றோர் கட்டினார்கள்.

இனி வரவைப் பாருங்கள். கல்லூரி ஆண்கள் கூடைப்பந்துப் போட்டித்தொடரின் ஒளிபரப்பு உரிமையை 2016-ல் நீட்டித்தபோது, கூடுதல் 8 ஆண்டுகளுக்கு 880 கோடி டாலர் பேசி முடித்தார்கள். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023-ல் தன் ஃபுட்பால் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்) பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை ஒப்பந்தக் காலம் முடியுமுன் அனுப்பியது. அதற்காக அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். வேலையை விட்டுப் போகிற பயிற்சியாளருக்கே இவ்வளவு கொடுக்க முடிகிறது என்றால், ஆடுகிற பையனுக்குக் கொடுக்கப் பணமில்லை என்ற வாதம் நிற்காது.

உழைப்பும் குறைவில்லை. வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சி என்று விதி இருக்கிறது. ஆனால் போட்டி நாள் முழுவதையும் 3 மணி நேரமாகத்தான் கணக்கில் எழுதுவார்கள். பயணமும் காயத்துக்கான சிகிச்சை நேரமும் கணக்கிலேயே வராது.

பட்டம்தான் கூலி என்றால் அந்தப் பட்டமாவது உண்மையாக இருக்க வேண்டும். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 18 ஆண்டுகளாக வகுப்பே நடக்காத பாடங்களுக்கு மதிப்பெண் போட்டதை 2014-ல் வெளியான விசாரணை அறிக்கை அம்பலமாக்கியது. அந்தப் பாடங்களை எடுத்த சுமார் 3,100 மாணவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள். ஆகவே பேராசை என்று நாம் சொல்ல மாட்டோம்.

கல்லூரி கொடுக்கும் பணத்தை எப்படிப் பிரிக்கிறார்கள்? பெண்களுக்குச் சம பங்கு உண்டா?
*வாசகி, சேலம்*

இல்லை. இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய குறை இதுதான்.

வீரர்கள் சம்பாதிப்பதைத் தடுத்த விதிகளை எதிர்த்து அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக நீச்சல் வீரர் கிராண்ட் ஹவுஸ் முதலானோர் 2020-ல் தொடுத்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. நீதிபதி கிளாடியா வில்கன் 2025 ஜூன் 6 அன்று அதற்கு ஒப்புதல் தந்தார். முன்னாள் வீரர்களுக்குப் பழைய பாக்கியாகச் சுமார் 280 கோடி டாலரை 10 ஆண்டுகளில் தர வேண்டும். இப்போது ஆடுகிறவர்களுக்கு, சமரசத்தை ஏற்ற ஒவ்வொரு கல்லூரியும் 2025-26-ல் அதிகபட்சம் 2.05 கோடி டாலர் வரை தரலாம். இது உச்சவரம்பு மட்டுமே, கட்டாயம் கிடையாது.

புதிதாகச் சேர்க்கும் உதவித்தொகைகளில் 25 லட்சம் டாலர் வரை இந்த வரம்புக்குள்ளேயே கழித்துக்கொள்ளலாம். ஒரு கல்லூரி அப்படிக் கழித்தால் மிஞ்சுவது சுமார் 1.8 கோடி. பழைய பாக்கியைப் பிரித்த விகிதத்தையே பல பெரிய கல்லூரிகள் இதற்கும் ஒட்டிப் பின்பற்றுகின்றன. அதன்படி ஃபுட்பாலுக்கு 75 சதவீதம், அதாவது 1.35 கோடி. ஆண்கள் கூடைப்பந்துக்கு 15 சதவீதம், 27 லட்சம். பெண்கள் கூடைப்பந்துக்கு 5 சதவீதம், 9 லட்சம். நீச்சல், தடகளம், டென்னிஸ், கைப்பந்து உட்பட மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னொரு 9 லட்சம்.

கூடைப்பந்தில் இரு அணிகளிலும் 15 பேர்தான். சராசரி போட்டால் ஆணுக்கு 1.8 லட்சம் டாலர், பெண்ணுக்கு 60,000.

வருமானம் எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் பங்கு போக வேண்டும் என்பது மறுதரப்பு. ஆனால் வருமானம் தானாக வருவதில்லை. ஆண்கள் தொடரில் ஒவ்வொரு வெற்றிக்கும் கல்லூரிக் கூட்டமைப்புகளுக்குப் பங்குத்தொகை போய்க்கொண்டிருந்தது. பெண்கள் தொடருக்கு அது 2025-ல்தான் தொடங்கியது. விதைக்காத வயலில் விளைச்சல் குறைவு என்று குறை சொல்வது நியாயமில்லை. 2024 பெண்கள் இறுதி ஆட்டத்தைச் சராசரியாக 1.89 கோடிப் பேர் பார்த்தார்கள். அந்த ஆண்டின் ஆண்கள் இறுதி ஆட்டத்துக்கு 1.48 கோடிதான்.

கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ஆம் ஆண்டின் ‘டைட்டில் 9’ சட்டம் இந்தப் பணத்துக்கும் பொருந்தும் என்று அமெரிக்கக் கல்வித்துறை 2025 ஜனவரியில் வழிகாட்டுதல் தந்தது. ஆட்சி மாறியதும் பிப்ரவரியிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள். பழைய பாக்கிப் பங்கீட்டை எதிர்த்துச் சில வீராங்கனைகள் மேல்முறையீடு செய்திருக்கிறார்கள்.

சிறிய விளையாட்டுகளும் அடி வாங்குகின்றன. கலிஃபோர்னியாவின் கால் பாலி கல்லூரி 2025 மார்ச்சில் நீச்சல் அணிகளையே கலைத்தது. அமெரிக்க ஒலிம்பிக் அணிக்கு ஆள் தருவது இப்படிப்பட்ட கல்லூரி நீச்சல்குளங்கள்தான்.

விளம்பர ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் மாணவர்கள் எங்கே ஏமாறுகிறார்கள்?
*வாசகர், பெங்களூரு*

தன் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க 2021 ஜூலை 1 முதல் வீரர்களுக்கு அனுமதி உண்டு. ஒப்பந்தத்தில் ஐந்து இடங்களை விரல் வைத்துப் படிக்க வேண்டும்.

முதலாவது கால அளவு. படிப்பு முடிந்த பிறகும் தொடரும் ஒப்பந்தம் ஆபத்து. ஃப்ளோரிடா பல்கலைக்கழக வீரர் ஜெர்வான் டெக்ஸ்டர் 2022-ல் 4,36,485 டாலர் வாங்கிக்கொண்டு, தொழில்முறை ஆட்ட வருமானத்தில் 15 சதவீதத்தை 25 ஆண்டுகளுக்குத் தருவதாகக் கையெழுத்திட்டார். பெயர் என்னவோ விளம்பர ஒப்பந்தம், உள்ளடக்கம் கடன். மறு ஆண்டே அவர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

இரண்டாவது, வாய்மொழி வாக்குறுதி. லாஸ் வேகாஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் (ஃபுட்பால் அணியின் தாக்குதலை வழிநடத்துபவர்) மேத்யூ ஸ்லூகா 2024 செப்டம்பரில் மூன்றே ஆட்டங்களோடு விலகினார். சொன்ன ஒரு லட்சம் டாலர் வரவில்லை என்றது அவர் தரப்பு, முறையான சலுகை எதுவும் தரப்படவில்லை என்றது கல்லூரித் தரப்பு. காகிதத்தில் இல்லாத தொகையை யாராலும் வசூலிக்க முடியாது.

மூன்றாவது, காயம் பட்டாலோ கல்லூரி மாறினாலோ பணம் நிற்குமா, வாங்கியதைத் திருப்பித் தர வேண்டுமா என்ற பிரிவு. நான்காவது, வேறு எந்த நிறுவனத்துக்கும் விளம்பரம் செய்யக் கூடாது என்ற தடை. ஒரு ஜோடி ஷூவுக்காக ஆடை, பானம், செயலி என எல்லா வாய்ப்பையும் பூட்டிவிடுகிற ஒப்பந்தங்கள் இருக்கின்றன. ஐந்தாவது வரி. நிறுவனம் வரி பிடிக்காமல் முழுத்தொகையைத் தரும். மாணவன் செலவழித்துவிடுவான், ஏப்ரலில் பில் வரும். வருகிற தொகையில் மூன்றில் ஒரு பங்கை அன்றே தனிக் கணக்கில் போட்டுவிடுவது நல்லது.

இப்போது 600 டாலரும் அதற்கு மேலும் உள்ள வெளி ஒப்பந்தங்களை 5 வேலை நாட்களுக்குள் ‘என்.ஐ.எல். கோ’ என்ற தளத்தில் பதிய வேண்டும். உண்மையான வியாபார நோக்கம் இருக்கிறதா, தொகை சந்தை நிலவரத்துக்கு ஏற்றதா என்று அங்கே பார்ப்பார்கள்.

இவர்கள் தொழிற்சங்கம் அமைக்கலாமே?
*வாசகர், தூத்துக்குடி*

முயன்றார்கள். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஃபுட்பால் வீரர்களின் மனுவைத் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் 2015-ல் விசாரிக்க மறுத்தது. டார்ட்மத் கூடைப்பந்து வீரர்கள் 2024 மார்ச்சில் 13-2 என்று வாக்களித்துச் சங்கம் அமைத்தார்கள். கல்லூரி பேச்சுவார்த்தைக்கு வரவில்லை. வாரியத்தில் ஆட்சி மாற்றம் வந்தால் முடிவு பாதகமாகலாம் என்று வீரர்கள் மனுவைத் திரும்பப் பெற்றார்கள். நம் கருத்து இதுதான்: 2.05 கோடி என்ற வரம்பை வீரர்களின் சங்கத்தோடு பேசி முடிவு செய்திருந்தால் அது கூலி ஒப்பந்தம் ஆகியிருக்கும். அப்படிச் செய்யாததால் வழக்குகள் இன்னும் வரும்.

மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள், டென்னிஸ் ஆடுகிறாள். அமெரிக்கக் கல்லூரியில் இடம் கிடைத்தால் இந்தப் பணம் அவளுக்கும் வருமா?
*வாசகி, கோவை*

உதவித்தொகை வரலாம். மற்ற பணத்தை நம்பித் திட்டமிடாதீர்கள்.

சமரசத்தை ஏற்ற கல்லூரிகளில் டென்னிஸ் அணிக்கு 10 பேர் வரை, எல்லோருக்கும் முழு உதவித்தொகை தர அனுமதி உண்டு. அனுமதி இருப்பதால் தருவார்கள் என்று அர்த்தமில்லை. எழுத்தில் கேளுங்கள்: எத்தனை ஆண்டுகளுக்கு, காயம் பட்டால் தொடருமா, மருத்துவக் காப்பீடு யார் செலவு. ஐவி லீக் கல்லூரிகளும் (ஹார்வர்டு போன்ற எட்டுப் பழைய பல்கலைக்கழகங்கள்) மூன்றாம் பிரிவு விளையாட்டுப் போட்டிகளில் ஆடும் கல்லூரிகளும் விளையாட்டுக்காக உதவித்தொகை தருவதில்லை. அங்கே குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக 2018-லும் 2022-லும் உயரம் தாண்டுதலில் பட்டம் வென்ற இந்திய வீரர் தேஜஸ்வின் சங்கர் அங்கே போனது விளையாட்டு உதவித்தொகையில்தான்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அமெரிக்க மண்ணில் விளம்பரப் படப்பிடிப்பில் கலந்துகொண்டால் அனுமதியில்லாத வேலையாகிவிடும், விசா நிலையே பறிபோகலாம். காங்கோ நாட்டிலிருந்து வந்து கென்டக்கி அணிக்கு ஆடிய ஆஸ்கர் ஷிப்வே, 2022-ல் அணி பஹாமாஸ் போனபோது விளம்பர வேலைகளை அங்கே முடித்தார். கல்லூரி தரும் வருவாய்ப் பங்கு ‘வேலை’க்கான ஊதியமா என்பதில் குடிவரவு விதி தெளிவாகவில்லை. எதில் கையெழுத்திடுமுன்னும் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலும் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடமும் கேளுங்கள். பயிற்சியாளரின் வார்த்தை போதாது.

உதவித்தொகையில் தங்குமிடம், சாப்பாட்டுக்கான பகுதிக்கு வரி உண்டு. வெளிநாட்டு மாணவருக்கு 14 சதவீதம் பிடிப்பார்கள். இந்திய மாணவர்களுக்கு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-வது பிரிவு நிலையான கழிவைத் தருகிறது. ஆண்டு முடிந்ததும் 1040-என்ஆர் என்ற வரிப் படிவம் போட்டால் பிடித்ததில் ஒரு பகுதியாவது திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு.

இப்போதே செய்ய வேண்டியது: கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் தகுதி மையத்தில் பதிவு செய்து, 9-ம் வகுப்பிலிருந்து எல்லா மதிப்பெண் சான்றிதழ்களையும் எடுத்து வையுங்கள். பரிசுப் பணம் எதை வாங்கினாலும் ரசீதும் பயணச் செலவுக் கணக்கும் வேண்டும். வட கரோலினா வீராங்கனை ரீஸ் பிரான்ட்மையர் 2021 யு.எஸ். ஓப்பனில் 48,913 டாலர் வென்றும், கல்லூரியில் ஆடுவதற்காக அதில் பெரும்பகுதியை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. 2024-ல் அவர் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். ஆகவே மகள் எந்தப் போட்டியிலாவது காசோலை வாங்குமுன், அன்றைய விதியைத் தகுதி மையத்திடமே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.