மூன்று பிள்ளைகளுக்கு மூன்று பாடத்திட்டம் வாங்க வேண்டுமா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். பிள்ளைகளுக்கு 13, 9, 5 வயது. ஜூன் முதல் வீட்டிலேயே படிக்கவைப்பது என்று முடிவெடுத்து நான் வேலையை விட்டுவிட்டேன். கணவருக்குக் கையில் வரும் சம்பளம் 1,10,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை உட்பட மாதச் செலவு 95,000. சேமிப்பு 4 லட்சம். ஒரு நிறுவனம் வெளிநாட்டுப் பாடத்திட்டத்தைப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 85,000 என்று தருகிறது. மொத்தமாகக் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி. இல்லையென்றால் 12 மாத வட்டியில்லாத் தவணை. எது லாபம்?

பதில்: இரண்டுமே வேண்டாம், சகோதரி.

தவணை மாதம் 21,250 வரும். உங்களிடம் மிஞ்சுவது 15,000. அது வட்டியில்லாத் தவணையும் இல்லை. ரொக்கமாகக் கட்டினால் 2,29,500, தவணையில் 2,55,000. அந்த 25,500 வட்டிதான். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டுக்குச் சுமார் 20 சதவீதம். சரி, சேமிப்பிலிருந்து கட்டிவிடலாமா? கையில் 1,70,500 மிஞ்சும். ஒற்றைச் சம்பளக் குடும்பத்துக்கு அது இரண்டு மாதச் செலவுக்குக்கூடக் காணாது.

பிள்ளைக்கு ஒரு பெட்டி என்று வாங்காமல், பாடத்தைப் பார்த்து வாங்குங்கள். கணக்கும் வாசிப்பும் மட்டும்தான் வயதுக்குத் தக்கபடி தனித்தனியாக வேண்டும். அறிவியல், வரலாறு, தமிழ்க் கதை எல்லாம் மூவருக்கும் ஒரே மேசையில் நடக்கும். நிலாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடியில் தினமும் பார்த்துச் சின்னது வரைகிறது. நடுப்பிள்ளை தேதி போட்டு இரண்டு வரி எழுதுகிறது. பெரியது, பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஏன் ஏறக்குறைய 29½ நாள் ஆகிறது, சந்திரன் பூமியைச் சுற்ற 27 நாள் சொச்சம்தானே என்று கேட்டு, விடையைப் படம் போட்டுக் கண்டுபிடிக்கிறது. இதற்கு ஆகும் செலவு ஒரு நோட்டு.

என்சிஇஆர்டி புத்தகங்களும் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்களும் இணையத்தில் இலவசம். பெங்களூரில் வளரும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து கைவிட்டுப் போகாமல் இருக்க இரண்டாவது மிக உதவும். அச்சுப் புத்தகம்தான் வேண்டும் என்றால் அவென்யூ ரோட்டுப் பழைய புத்தகக் கடைகளில் தேடுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இந்த ஆண்டு எதையும் கட்டாக வாங்காதீர்கள். நிறைய கதைப் புத்தகம் போதும்.

பெரிய பிள்ளை விஷயத்தில்தான் அவசரம். எந்தப் பத்தாம் வகுப்புத் தேர்வு என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுப் புத்தகத்தைத் தொடுங்கள். தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடம் தேறினால் போதும், தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம், பதிவு 5 ஆண்டு செல்லும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவதென்றால் பாடத்துக்குப் பாடம் கட்டணம், அதுவும் கணிசமானது. தனித்தேர்வரை ஏற்கும் மையத்தையும் நீங்களே தேட வேண்டும். அந்த நிறுவனத்தின் பாடத்திட்டம் இரண்டில் எதற்கும் ஒத்துவராவிட்டால், அடுத்த ஆண்டு புதிதாக வாங்க வேண்டிவரும்.

வரியையும் பாருங்கள். பழைய வரிமுறையில் இருந்தால், இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கல்விக் கட்டணத்தை, பிஎஃப் போன்றவற்றோடு சேர்த்து 1.5 லட்சம் வரம்புக்குள் கழித்திருப்பீர்கள். வீட்டில் படிக்க வாங்கும் பாடத்திட்டத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

மிஞ்சும் 15,000-ஐ மூன்றாகப் பிரியுங்கள். புத்தகம், பிரின்ட், நூலகம், பெரியவருக்கு வேண்டுமானால் கணக்கு டியூஷன், எல்லாம் சேர்த்து மாதம் 5,000-ஐத் தாண்டக் கூடாது. அடுத்த 5,000 வங்கியில் மாதாமாதம் கட்டும் ஆர்டி சேமிப்பில் போகட்டும். தேர்வுக் கட்டணத்துக்கும், இரண்டு ஆண்டில் ஒரு பிள்ளை ‘பள்ளிக்கூடம் போறேன்’ என்றால் அட்மிஷன் பணத்துக்கும் அது உதவும். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து எடுக்கும்போது டிசியைக் கையில் வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள். கடைசி 5,000 அவசரகாலச் சேமிப்புக்கு. 4 லட்சம் 6 லட்சமாகும் வரை நிறுத்த வேண்டாம்.

உங்கள் அலுவலகத்து மருத்துவக் காப்பீடும் வேலையோடு போயிருக்கும். கணவரின் பாலிசியில் உங்கள் பெயரும் மூன்று பிள்ளைகள் பெயரும் இருக்கின்றனவா என்று இந்த வாரமே பாருங்கள். சில நிறுவனங்களின் பாலிசியில் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம். அப்படியானால் மூன்றாவது பிள்ளைக்குத் தனியாக எடுங்கள். பாடப் புத்தகம் அதற்கப்புறம்.