பெண் மீன் எந்தக் கரையைச் சேர்ந்தது?

கேள்வி: சிமென்ட் தொட்டிகளில் பீகாக் சிக்லிட் என்ற அலங்கார மீன் வளர்க்கிறேன். குஞ்சு எடுக்க வைத்திருக்கும் தாய் மீன்களில் ஆண் இரண்டும் 'நகாரா ஃபிளேம்டெயில்' வகை. நீலத் தலை, செம்மஞ்சள் உடல், நல்ல நிறம். பெண் ஆறையும் வேறொரு டீலரிடம் 'யெல்லோ பீகாக்' என்று வாங்கினேன். குஞ்சுகளுக்கு எட்டு மாதம் ஆகிறது, 7 செ.மீ. வந்துவிட்டன. 200இல் 25 மட்டுமே நிறம் எடுத்திருக்கின்றன. அவற்றிலும் தகப்பனின் சிவப்பு இல்லை, வெளிறிய மஞ்சள்தான். டீலர் ஒரு கலர் தீவனம் தருகிறார். மூன்று வாரத்தில் எல்லாம் சிவந்துவிடும் என்கிறார். எத்தனை நாள் கொடுக்கலாம்?

பதில்: ஒரு நாள்கூட வேண்டாம். மூன்று வாரத்தில் 'எல்லாம்' சிவக்கும் என்றால் அது தீவனம் அல்ல, ஹார்மோன். திலாப்பியா குஞ்சுகளை ஆணாக்கப் பயன்படுத்தும் அதே மெத்தில்டெஸ்டோஸ்டீரோனாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதைத் தின்றால் பெண்ணும் நிறம் எடுக்கும், நாலு செ.மீ. குஞ்சும் நிறம் எடுக்கும். நிறுத்திய சில வாரங்களில் நிறம் வடிந்துவிடும். பெண்களின் சினைப்பை கெட்டுப்போகும். வெறுங்கையால் அள்ளிப் போடுகிறவரின் உடம்பிலும் அது ஏறும். ஒரு பெட்டியில் உள்ள குட்டி மீன்கள் ஒன்று விடாமல் பளபளவென்று இருந்தால் அந்தப் பெட்டியை வாங்காதீர்கள். பீகாக்கில் பாதி பெண், பெண் சாம்பலும் பழுப்புமாகத்தான் இருக்கும். அது இயற்கை.

நேர்மையான கலர் தீவனமும் உண்டு. கிலோவுக்கு 50 மில்லிகிராம் அளவில் அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமி, கொஞ்சம் ஸ்பிருலினா பாசி. நான்கிலிருந்து ஆறு வாரத்தில், ஏற்கெனவே சிவப்பு, மஞ்சள் அணுக்கள் உள்ள ஆணில் அந்த நிறம் அழுத்தமாகும். அவ்வளவுதான் அதன் வேலை. நீலத்தை அது தொடாது. நீலம் சாயம் அல்ல, தோலில் உள்ள நுண்ணிய குவானின் படிகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் தெரிவது. பிறப்பிலேயே இல்லாத செம்மையை எந்தத் தீவனமும் கொண்டுவராது.

அடுத்து உங்கள் கணக்கு. 200இல் ஏறக்குறைய நூறு பெண். மீதி நூறில் 25 நிறம் எடுத்திருப்பது எட்டு மாதத்துக்கு மோசமில்லை. முழு நிறம் ஏற ஒன்றிலிருந்து ஒன்றரை வருடம் ஆகும். ஒரே தொட்டியில் பல ஆண்கள் இருந்தால் வலுவான சிலது மட்டும் நிறம் காட்டும், அடங்கிப்போனவை பெண்போலவே திரியும். மங்கலானவற்றில் பெரிதாக ஐந்தைப் பிடித்து மலப்புழையைப் பாருங்கள்: இரண்டு துவாரமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் ஆண், பின்னால் உள்ளது பெரிதாக இருந்தால் பெண். ஆண்களைத் தனித்தனித் தொட்டியில், கருமணல் போட்டு, பக்கத்து ஆண் கண்ணில் படாதபடி அட்டை வைத்து மூன்று வாரம் விடுங்கள். வெளிர் நீலம் பூசிய தொட்டியில் வைத்துப் பார்த்தால் நல்ல மீனும் வெளுத்துத் தெரியும்.

இவ்வளவும் மங்கலான மீன்களுக்கு. நிறம் வந்த 25உம் ஏன் தகப்பனைப்போல இல்லை என்பதுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

உங்கள் ஆண் மீன்கள் அவுலோனோகாரா ஸ்டூவர்ட்கிராண்டி. 1985இல் மேயரும் ரீலும் பெயரிட்ட இனம், ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் மட்டும் உண்டு. இனம் ஒன்றுதான், ஆனால் கரைக்குக் கரை நிறம் வேறு. மலாவி நாட்டின் வடமேற்குக் கரையில் நகாரா ஆணுக்கு உடல் செம்மஞ்சள். அதே கரையில் தெற்கே உசிஸ்யாவில் உடல் மஞ்சள். எதிர்க்கரையில், மொசாம்பிக் பக்கம் கோபுவேயில் உடல் பெரும்பாலும் நீலம், தோளில் மட்டும் செம்மஞ்சள். இது பாறையும் மணலும் சேரும் விளிம்பில் வாழ்கிற மீன். மணலுக்கு மேல் அசையாமல் நின்று, தலையின் அடியில் உள்ள உணர்துளைகளால் புழுவின் அசைவைக் கண்டுபிடித்துத் தின்னும். நீண்ட வெறும் மணலையோ ஆழத்தையோ கடந்து அடுத்த பாறைக்குப் போவது அபூர்வம். தாய் வாயில் அடைகாத்துத் துப்பிய குஞ்சும் அங்கேயே வளரும். மீன்குஞ்சை நீரோட்டம் அடித்துப்போகும் பருவமே இதற்குக் கிடையாது. ஆகவே ஒவ்வொரு பாறைக்கூட்டமும் தன் போக்கில் போய்விட்டது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள்: கரைக்குக் கரை மாறுவது ஆணின் நிறம். பெண் எல்லாக் கரையிலும் அதே பழுப்பு, அதே மங்கலான பட்டைகள். நகாரா பெண்ணையும் உசிஸ்யா பெண்ணையும் கலந்து ஒரு வாளியில் போட்டால் யாராலும் பிரிக்க முடியாது. விற்பவராலும் முடியாது, என்னாலும் முடியாது. விதைநெல்லில் வேறு ரகம் கலந்தால் கதிர் வந்ததும் கலவனைப் பார்த்துப் பிடுங்கலாம். பீகாக் பெண்ணில் கதிரே வராது. 'யெல்லோ பீகாக்' என்ற பெயரில் உசிஸ்யாவும் வரும், ஆண் அதேபோல மஞ்சளான பென்சி என்ற வேறொரு இனமும் வரும், ஏற்கெனவே கலந்ததும் வரும். உங்கள் 25இன் வெளிறிய மஞ்சள் பெரும்பாலும் இப்படி வந்ததுதான். இவை எல்லாம் ஒன்றோடொன்று கூடும், குஞ்சும் மலடாகாது. தன் கரை ஆணைப் பெண் தானே தேர்ந்துகொள்ளும் என்றும் நம்பாதீர்கள். தொட்டியில் தேர்வதற்கு வேறு ஆள் இருந்தால்தானே? ஏரியிலேயே வெளிச்சம் போனால் தேர்வு போய்விடும். விக்டோரியா ஏரியில் நீர் கலங்கிய இடங்களில் சிக்லிட்கள் நிறம் பார்த்து இணை சேர முடியாமல் இனங்கள் கலந்துபோனதை ஸீஹவுசன் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1997இல் காட்டினார்கள். பச்சைத் தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் நினைவில் வையுங்கள்.

அதனால் நான் விடாமல் சொல்வது: பெண்ணைத் தனியாக வாங்கவே கூடாது. ஆணுக்குப் பணம் கொட்டிவிட்டுப் பெண்ணை 'ஏதோ ஆறு' என்று வாங்குவதுதான் இந்தத் தொழிலைக் கெடுக்கிறது. கரைப்பெயர் எழுதி விற்கிற ஒரே பிரீடரிடம், ஒரே ஈற்றிலோ ஒரே தொட்டியிலோ 3-4 செ.மீ. குஞ்சுகளாக 12 முதல் 15 வாங்குங்கள். அவருடைய தாய்த்தொட்டியைப் பாருங்கள். அதில் ஒரே வகை ஆண்தான் இருக்க வேண்டும். வளர்ந்ததும் ஒரு ஆணுக்கு ஐந்து பெண் விட்டு, மற்ற நல்ல ஆண்களைத் தனியே வைத்துச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒரே ஆணை வருடக்கணக்கில் ஓட்டினால் அடுத்த தலைமுறை முழுதும் நெருங்கிய உறவாகிவிடும். முதல் ஈற்றில் பத்து ஆணையாவது நிறம் முழுதாக ஏறும்வரை வளர்த்துப் பார்க்காமல் கரைப்பெயர் போட்டு ஒரு குஞ்சுகூட விற்காதீர்கள். பெண்ணின் வம்சத்தைக் காட்டும் கண்ணாடி அவள் மகன்தான்.

'எஃப்1' என்று எழுதியிருப்பதை நம்பி ஏமாறாதீர்கள். ஏரியில் பிடித்த மீனின் நேர்க் குஞ்சுக்குத்தான் எஃப்1 என்று பெயர். எந்தக் கரையில் பிடித்தது என்று கேட்டால் விழிக்கிற டீலரின் எஃப்1 வெறும் மை. 'ஓபி பீகாக்' போன்ற புள்ளி மீன்கள் கலப்பென்று தெரிந்தே விற்கப்படுகின்றன. அழகுக்கு வளர்ப்பவர் வளர்க்கட்டும், உங்கள் தாய்த்தொட்டிக்குப் பக்கத்தில் வரக்கூடாது.

வீட்டுக்குள்ளேயே கலக்கும் வழிகளும் உண்டு. ஒரு செ.மீ. குஞ்சு ஸ்பான்ஜ் ஃபில்டரின் அடியில் ஒண்டிக்கொள்ளும். அதைத் தூக்கி அடுத்த தொட்டியில் வைத்தால் குஞ்சும் போகும், ஆறு மாதம் கழித்து 'எங்கிருந்து வந்தது' என்று திகைப்பீர்கள். வாயில் முட்டை உள்ள பெண்ணை ஒரே பொதுத்தொட்டியில் விட்டால் துப்பிய குஞ்சு யாருடையது என்று தெரியாது. ஒவ்வொன்றுக்கும் தனிப்பெட்டி, மேலே கரைப்பெயரும் தேதியும். 26 டிகிரியில் 18ஆம் நாளுக்குமேல் வாயைத் திறந்து குஞ்சை எடுக்கலாம். வலையும் தொட்டிக்கு ஒன்று.

இருக்கிற பெண் குஞ்சுகளை நகாரா ஆணோடு திரும்பத் திரும்பச் சேர்த்து 'சரிசெய்ய' நினைப்பீர்கள். கணக்கு இது: இப்போது பாதி நகாரா. ஒருமுறை சேர்த்தால் 75 சதம், இரண்டாம் முறை 87.5, மூன்றாம் முறை 93.75. தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு வருடம். மூன்று வருடத் தீவனச் செலவுக்குப் பிறகு பார்க்க நகாராபோல இருக்கும், நகாராவாக இருக்காது. கலப்புக் குஞ்சுகளைத் தமக்குள்ளேயே சேர்ப்பது அதைவிட மோசம். அந்த ஈற்றில் ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில் நிற்கும். புதுக் குஞ்சுகள் வாங்குவதே மலிவு.

உங்கள் இரண்டு ஆணையும் இப்போதே தனியே எடுத்துவிடுங்கள். அவற்றின் கரை உறுதியென்றால் மட்டும், புது நகாரா குஞ்சுகள் வளர்ந்ததும் மாற்று ஆணாக உதவும். ஆறு பெண்களும் இனி தாய் மீன் அல்ல. 200 குஞ்சில் ஆண்களை 'கலப்பு பீகாக்' என்று சொல்லியே அலங்காரத் தொட்டிக்கு விற்றுவிடுங்கள். பெண்களை எந்த பிரீடருக்கும் கொடுக்காதீர்கள். கேட்டு வந்தாலும், விலை ஏற்றிக் கேட்டாலும்.