பத்திரக் கோப்புகளை ஒழுங்குபடுத்த முதல் நிரல்மொழி எது?

கேள்வி: ஆவண எழுத்தர் ஒருவரின் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். 2009 முதல் ஸ்கேன் செய்த பத்திரங்கள் ஏறத்தாழ 2,400 பிடிஎஃப் கோப்புகளாக ஒரே கோப்புறையில் கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஸ்கேனர் வைத்த வரிசை எண்தான் பெயர். எந்தக் கோப்பு எந்தப் பத்திரம் என்பதை எக்செல் பட்டியலாக எழுதி முடித்துவிட்டேன். அந்தப் பட்டியலின்படி ஆவண எண்ணால் பெயர் மாற்றி, ஆண்டுவாரியாகப் பிரித்து வைக்க வேண்டும். நிரல் எழுதச் சி மொழியில்தான் தொடங்க வேண்டும் என்கிறான் பொறியியல் படிக்கும் என் அக்காள் மகன். பைத்தான் கற்கச் சொல்கிறார் நண்பர். விண்டோஸின் பேட்ச் கோப்பே (கட்டளைகளை வரிசையாக எழுதி ஓட்டும் உரைக்கோப்பு) போதும் என்கிறார் கணினி பழுதுபார்க்க வருபவர். பி.காம். படித்த எனக்கு எது ஏற்றது?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: பைத்தானில் தொடங்குங்கள். மற்ற இருவரும் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் உங்கள் வேலைக்கு அவை சுற்றுவழி.

சி மொழி, பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி 1970களின் தொடக்கத்தில் உருவாக்கியது. யூனிக்ஸ் இயங்குதளமே அதில் திருப்பி எழுதப்பட்டது. கணினியின் உள்ளே நினைவகம் எப்படிக் கையாளப்படுகிறது என்பதை அறிய அதைவிட நல்ல ஆசான் குறைவு. ஆனால், ஒரு கோப்புறையில் என்னென்ன கோப்புகள் உள்ளன என்று பட்டியலிடும் வசதி சி மொழியின் தரநிலை நூலகத்தில் கிடையாது. விண்டோஸுக்கு ஒரு வழி, லினக்ஸுக்கு வேறு வழி என்று தேடிக் கற்க வேண்டும். ஒரு பெயரின் நடுவில் ஆண்டைச் சேர்ப்பதற்குக்கூட, அதற்கு எத்தனை பைட் இடம் வேண்டும் என்று நீங்களே கணக்கிட வேண்டும். மாணவருக்கு அது பயிற்சி. அலுவலக வேலை முடிந்து இரவில் ஒரு மணி நேரம் கற்பவருக்கு அது சுமை. பேட்ச் கோப்போ பத்துக் கோப்புகளை நகர்த்தும்வரை எளிதாகத் தெரியும். பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ வந்ததும் சிக்கலாகிவிடும். அலுவலகக் கணினியில் புதிய மென்பொருள் எதையும் நிறுவ அனுமதி இல்லையென்றால் மட்டும், விண்டோஸுடன் வரும் பவர்ஷெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையில் எதையும் மாற்றாமல், என்ன மாறும் என்று மட்டும் காட்டும் ஒத்திகை வசதி அதன் பல கட்டளைகளில் உண்டு. அது மிக நல்ல ஏற்பாடு.

பைத்தானை நெதர்லாந்தில் கீடோ வான் ரோசம் எழுதி 1991இல் வெளியிட்டார். அதை நான் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம் அதன் புகழ் அன்று. ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் நீங்கள் எழுதியது உங்களுக்கே புரியும் என்பதுதான். இத்தகைய வேலை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைதான் வரும். இடையில் எல்லாம் மறந்துபோகும். அடுத்த காரணம், உங்களுக்கு வேண்டிய கருவிகள் எல்லாம் நிறுவும்போதே உடன் வந்துவிடுகின்றன: பட்டியலைப் படிக்கச் சிஎஸ்வி (எக்செல் பட்டியலைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் உரையாகச் சேமிக்கும் வகையின் பெயரும் இதுவே), கோப்புகளையும் கோப்புறைகளையும் கையாளப் பாத்லிப் (pathlib), நகலெடுக்க ஷட்டில் (shutil). உங்கள் முழு வேலையும் முப்பது வரிகளுக்குள் அடங்கும். மாறிகள், நிபந்தனை, மடக்கு (லூப்), பட்டியல், அகராதி, கோப்பைத் திறந்து படித்தல் ஆகியவற்றை மட்டும் கற்றால் போதும். புத்தகங்களில் பின்னால் வரும் கிளாஸ் போன்ற பகுதிகளை இப்போதைக்குத் தொட வேண்டியதில்லை.

எந்த மொழியைத் தேர்ந்தாலும் உங்கள் பத்திரங்கள் சில தடைகளைக் கொண்டுவரும். அவற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஆவண எண்ணை 1432/2019 என்று எழுதுவது வழக்கம். சாய்கோடு கோப்பின் பெயரில் வரக் கூடாது. விண்டோஸும் லினக்ஸும் அதைக் கோப்புறைப் பிரிவு என்றே கொள்ளும். ஆகவே 2019-1432 என்று ஆண்டை முன்னே வைத்து, இடையில் சிறுகோடு இடுங்கள். எண்ணை நான்கு இலக்கமாக, அதாவது 87 என்பதை 0087 என்று, நிரப்பிவிட்டால் எந்த மென்பொருளில் திறந்தாலும் வரிசை குலையாது.

எக்செல் பட்டியலையும் ஒருமுறை கூர்ந்து பாருங்கள். 12/2019 என்று தட்டினால் எக்செல் அதை 2019 டிசம்பர் என்னும் தேதியாக எடுத்துக்கொள்ளும். 1432/2019 தப்பித்துவிடும், ஒவ்வோர் ஆண்டின் முதல் 12 எண்கள்தான் மாட்டும். அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு அவற்றை மட்டும் மறுபடி தட்டிவிடுங்கள்.

இவற்றைவிட முக்கியமானது, ஒரே எண் இரு பத்திரங்களுக்கு இருக்கலாம் என்பது. இது உங்களுக்குத் தெரியாததன்று. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தின் ஒவ்வொரு பதிவுப் புத்தகத்துக்கும் தனி வரிசை எண். ஆண்டுதோறும் அது புதிதாகத் தொடங்கும். முதல் புத்தகத்தில் 2019இன் 215 ஒரு கிரயப் பத்திரமாக இருக்க, நான்காம் புத்தகத்தில் அதே ஆண்டின் 215 ஒரு பவர் பத்திரமாக இருக்கலாம். பக்கத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் இன்னொரு 215 இருக்கும். உங்களுக்குத் தெரிந்த இந்தச் செய்தி நிரலுக்குத் தெரியாது. எனவே சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர், புத்தக எண், ஆண்டு, ஆவண எண் ஆகிய நான்கும் பெயரில் இடம்பெற வேண்டும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் தந்தையார் எழுதிய கடிதங்களை ஸ்கேன் செய்து, லினக்ஸ் கணினியில் தேதியால் பெயர் மாற்றும் நிரல் ஒன்றை எழுதினேன். ஒரே நாளில் அவர் எழுதிய இரண்டு கடிதங்கள் ஒரே பெயரைப் பெற்றன. இரண்டாவது, முதலாவதை ஓசையின்றி அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. காகிதம் கையில் இருந்ததால் மறுபடி ஸ்கேன் செய்தேன். பைத்தானின் பெயர் மாற்றும் கட்டளை, விண்டோஸில் அதே பெயர் ஏற்கெனவே இருந்தால் பிழை காட்டி நின்றுவிடும். லினக்ஸிலும் மேக்கிலும் கேள்வி கேட்காமல் மேலெழுதிவிடும். எந்தக் கணினியானாலும், அப்பெயரில் கோப்பு உள்ளதா என்று பார்க்கும் ஒரு வரியை நீங்களே சேர்த்துவிடுங்கள்.

முழுக் கோப்புறையையும் முதலில் ஒரு வெளி வன்தட்டில் நகலெடுத்து, அந்த வன்தட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். நிரலின் முதல் வடிவம் எதையும் மாற்றாமல், பழைய பெயரையும் புதிய பெயரையும் திரையில் அச்சிட மட்டும் செய்யட்டும். 2,400 வரிகளையும் படிக்க இயலாது. ஆண்டுக்குப் பத்து வீதம் எடுத்து, பிடிஎஃப்பைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்றும்போது இரண்டு பெயர்களையும் ஒரு பட்டியலில் பதிவு செய்துகொண்டே சென்றால், தவறு நேர்ந்தாலும் அதே பட்டியலைக் கொண்டு திரும்பி வரலாம்.

இன்னும் ஒன்று. பட்டியலைச் சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்ட வகையையே தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும். அந்த வகையில் எக்செல் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை வைக்கும். பைத்தானில் அதை வெறும் யூடிஎஃப்-8 என்று திறந்தால் அக்குறி முதல் நெடுவரிசையின் தலைப்போடு ஒட்டிக்கொண்டு, கண்முன்னே இருக்கும் தலைப்பையே இல்லை என்று நிரல் சொல்லும். யூடிஎஃப்-8-சிக் (utf-8-sig) என்று கொடுத்துத் திறந்தால் சிக்கல் தீரும். இதைத் தெரியாமல் ஒரு மாலைப்பொழுதையே தொலைத்தவர்களை அறிவேன்.

கேள்வி: மாணவர்களின் தமிழ்க் கட்டுரைகளை உரைக்கோப்புகளாக வைத்திருக்கிறேன். சொற்களையும் எழுத்துகளையும் எண்ணப் பைத்தான் பழகுகிறேன். ‘தமிழ்’ என்ற சொல்லில் 5 எழுத்து என்கிறது. தமிழிலேயே நிரல் எழுதும் மொழியில் தொடங்கியிருக்க வேண்டுமோ?
– ஓர் ஆசிரியை, மட்டக்களப்பு

பதில்: மொழியை மாற்ற வேண்டாம், டீச்சர். பைத்தான் எண்ணுவது யூனிகோட் குறியீடுகளை: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. யூடிஎஃப்-8 கோப்பில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் பிடிப்பதால் அதே சொல் வட்டில் 15 பைட் ஆகிறது. நாம் எண்ணும் மூன்று எழுத்துகளைப் பெற ஓப்பன்-தமிழ் என்னும் இலவச நூலகத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உயிர்மெய்யை ஒரே எழுத்தாகப் பிரித்துத் தரும். எழில் என்னும் தமிழ் நிரல்மொழியும் பைத்தானைக் கொண்டே கட்டப்பட்டது. கட்டளைச் சொற்கள் தமிழில் இருப்பதால் சிறுவர்களுக்கு நிரலின் இயல்பை அறிமுகம் செய்ய அது அருமையானது. கோப்பு வேலைக்குக் கேட்டால் உடனே உதவி கிடைக்கும் இடங்கள் பைத்தானுக்கே மிகுதி. மேலும் பைத்தான் 3இல் மாறிகளுக்குக் ‘கட்டுரை’, ‘மதிப்பெண்’ என்று தமிழிலேயே பெயரிடலாம். உங்கள் மாணவர்கள் திரையைப் பார்த்தாலே பாதி புரிந்துகொள்வார்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவைக் கேட்டாலே நிரல் எழுதித் தருகிறதே, இனி மொழி எதற்குக் கற்க வேண்டும்?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: எழுதித் தரட்டும், படித்துப் பார்க்கும் அளவுக்காவது நீங்கள் கற்றிருக்க வேண்டும். மேலே சொன்ன 215ஆம் எண் சிக்கலை நீங்கள் சொல்லாவிட்டால் அதற்குத் தெரிய வழியில்லை. ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று அதையே கேட்டு, நகல் கோப்புறையில் ஓட்டிப் பாருங்கள். ரிமூவ், அன்லிங்க், ஆர்எம்ட்ரீ ஆகிய சொற்கள் எங்கேனும் தென்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அவை கோப்புகளை ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்புவதில்லை, நேரே அழித்துவிடுகின்றன.