கடுங்குளிரில் பயோடீசல் கலந்த டீசல் போட்டால் என்ஜின் கெட்டுவிடுமா?

என்ஜின் கெடாது, அடைபடுவது ஃபில்டர். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்குப் புதிதாக வந்து பழைய டீசல் பிக்கப் வாங்கியிருப்பீர்கள், யாரோ "சோயா எண்ணெய் கலந்ததைத் தொடாதே" என்று பயமுறுத்தியிருப்பார்கள். தொடாமல் இருக்க வழியில்லை. இங்கே வழக்கமான டீசலில் கோடையில் 20 சதவீதம், குளிர்காலத்தில் 5 சதவீதம் பயோடீசல் (தாவர எண்ணெயிலோ விலங்குக் கொழுப்பிலோ எடுக்கும் எரிபொருள்) இருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம்.

நான் செப்டம்பர் கடைசியில் கோடைக் கலப்பால் டேங்கை நிரப்பினேன். பிறகு வண்டியை எடுக்கவே இல்லை. நவம்பரில் அப்பா தவறிவிட்டார். தஞ்சாவூர் போனேன்.

திரும்பி வந்த வாரம் மைனஸ் 26 டிகிரி செல்சியஸ். வண்டி கிளம்பியது, பத்தாவது நிமிடம் நெடுஞ்சாலையில் இழுவை குறைந்து நின்றுவிட்டது. மெக்கானிக் எதையும் திறந்து பார்க்காமலே "பயோடீசல் பம்பைத் தின்றுவிட்டது, மாற்ற வேண்டும்" என்றார். நான் ஒப்பவில்லை. ஃபில்டரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மடிப்பெங்கும் உறைந்த நெய்போல வெளிறிய பசை. வெள்ளைக் கிண்ணத்தில் வைத்தேன். அரை மணி நேரத்தில் தெளிந்த பொன்னிற எண்ணெயாக வடிந்தது. அடியில் துளிக் கசடு இல்லை. தரங்கெட்ட பயோடீசலாக இருந்தால் சூட்டிலும் கரையாத பிசுக்கு நின்றிருக்கும். 2005-இல் 2 சதவீதக் கலப்பு கட்டாயமான முதல் குளிர்காலத்தில் அப்படிப்பட்ட சரக்கு லாரி ஃபில்டர்களை அடைத்து, சட்டத்தையே சில வாரம் நிறுத்திவைத்தார்கள். அந்தக் கெட்ட பெயர் இன்னும் போகவில்லை.

பயோடீசலுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்பார்கள். சோயாவில் எடுத்த கலப்பில்லாத பயோடீசல் 0 டிகிரியை ஒட்டியே உறையும் துகள்கள் தோன்றி மங்கத் தொடங்கும், மாட்டுக்கொழுப்பில் எடுத்தது அதற்கும் முன்பே, நான் மறுக்கவில்லை. ஆனால் கோடைக்கால டீசலிலும் மெழுகு உண்டு. மைனஸ் 26-இல் பயோடீசல் கலக்காமல் இருந்தாலும் அது உறைந்திருக்கும். தவறு என்னுடையது: கோடை எண்ணெயைக் குளிர்காலம்வரை டேங்கில் வைத்திருந்தேன். ஃபில்டரை மாற்றி, வண்டியைச் சூடான கராஜில் ஒரு நாள் நிறுத்தினேன். நான்கு குளிர்காலம் ஆகிறது, அதே பம்ப்தான் ஓடுகிறது.

நீங்கள் அக்டோபருக்குள் பழைய எண்ணெயை ஓட்டித் தீர்த்துவிடுங்கள். மீந்தால் நம்பர் 1 டீசல் (குளிரில் எளிதில் உறையாத மெல்லிய ரகம்) கலந்துகொள்ளுங்கள். உறைவுத் தடுப்பு மருந்தைக் குளிர் இறங்கும் முன்பே ஊற்ற வேண்டும். மெழுகு கட்டிய பிறகு ஊற்றினால் வீண். பிளாக் ஹீட்டரை நம்பாதீர்கள், அது என்ஜினைத்தான் சூடாக்கும், டேங்கை அல்ல.