இன்சுலினை மாத்திரையாகத் தர முடியாதா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 62. சர்க்கரைக்கு 12 வருடங்களாக மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தப் பரிசோதனையில் சி-பெப்டைடு குறைவாக இருப்பதால் இன்சுலின் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார் டாக்டர். அம்மாவுக்கு ஊசி என்றாலே பயம். மாத்திரையாகவே இன்சுலின் கிடைக்காதா?

பதில்: விழுங்கினால் இன்சுலின் ரத்தத்துக்குப் போய்ச் சேராது. அது ஒரு பாலிபெப்டைடு. அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. 21 அமினோ அமிலங்கள் உள்ள ஒரு சங்கிலியும் 30 உள்ள இன்னொன்றும் கந்தகப் பிணைப்பால் சேர்ந்ததுதான் இன்சுலின். பருப்பிலும் முட்டையிலும் உள்ள புரதமும் இப்படிப்பட்ட சங்கிலியே. இரைப்பையில் பெப்சினும் சிறுகுடலில் டிரிப்சினும் ஆகிய செரிமான நொதிகள் இவற்றைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். உணவா, மருந்தா என்று பார்ப்பதில்லை. 1922இல் டொரண்டோவில் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் கொடுத்தபோதும் ஊசியாகத்தான் போட்டார்கள்.

‘சர்க்கரைக்குத் தரும் செமாகுளுடைடு மருந்து மட்டும் மாத்திரையாக வருகிறதே?’ என்று கேட்கலாம். அதுவும் பெப்டைடுதான், ஆனால் இன்சுலின் அல்ல. உறிஞ்சப்படுவதற்கென்றே ஒரு பொருளைச் சேர்த்து, வெறும் வயிற்றில் கொஞ்சம் தண்ணீரோடு விழுங்கினாலும், ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் ரத்தத்தில் சேர்கிறது. இன்சுலின் விஷயத்தில், எவ்வளவு சேரும் என்று தெரியாமல் இப்படி விட முடியாது. சில யூனிட் (இன்சுலினை அளக்கும் அலகு) கூடினாலே சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்.

இப்போது அந்த ரிப்போர்ட்டுக்கு வருவோம். கணையம் முதலில் ஒரே நீளச் சங்கிலியாகத்தான் இன்சுலினைத் தயாரிக்கிறது. நடுவிலிருந்து வெட்டி எடுக்கப்படும் துண்டுதான் சி-பெப்டைடு. இரண்டும் சம அளவில் ரத்தத்துக்கு வரும். ஊசி இன்சுலினில் இந்தத் துண்டு இருக்காது. ஆகவே, சர்க்கரை அதிகமாக இருக்கும்போதும் சி-பெப்டைடு குறைவாக இருந்தால், அம்மாவின் கணையமே சுரப்பைக் குறைத்துவிட்டது என்று பொருள். மாத்திரையைக் கூட்டி இதைச் சமாளிப்பது கஷ்டம். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். ‘இன்சுலின் போட ஆரம்பித்தால் கடைசிக் கட்டம்’ என்ற பேச்சை நம்பிக் காலம் தாழ்த்தியதால் கண்ணும் சிறுநீரகமும் கெட்டவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

பேனா வடிவில் வரும் ஊசிக் கருவியான இன்சுலின் பேனாவின் ஊசி வெறும் 4 மில்லிமீட்டர்தான். தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் இடம் விட்டு, வயிற்றுத் தோலில் போட வேண்டும். ஒரே இடத்தில் குத்தினால் கொழுப்புக் கட்டி உண்டாகி மருந்து சரியாக உறிஞ்சப்படாது. தினமும் இடத்தை மாற்றச் சொல்லுங்கள். புதுப் பேனாவை ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃபிரீசரில் வேண்டாம். உறைந்துபோன இன்சுலின் உருகினாலும் வேலை செய்யாது, தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறிகளான வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். இப்போதுள்ள மாத்திரைகளில் எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்பதை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.